கேட்டால் கொடுத்துவிட வேண்டிய விளக்கு

எவர்சில்வர் டம்ளருக்குள் புளியங்கொட்டைகள் குலுங்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒரு பழைய விளையாட்டுதான் ஞாபகம் வரும். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், பெங்களூரு ஹாஸ்டலில் தங்கிப் படித்த அத்தை மகன் ஆரோக்கியம், ஜெராக்ஸ் எடுத்த ஆங்கிலப் பக்கங்களோடு புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்லக் குகைக்குள் கற்பனையிலேயே நடந்து போகிற விளையாட்டு அது. பிழைப்போமா, சாவோமா என்பதை எண் எழுதிய புளியங்கொட்டை முடிவு செய்யும். அண்ணன் சேவியர் வாள்வீரன். யாரும் சீண்டாத "சாமியாரம்மா" வேடம் என் தலையில் விழுந்தது. அவள் ஜெபித்தால் காயம் ஆறும். ஆனால் ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது ஏழையாகவே வாழ்வதாகக் கடவுளுக்கு வாக்கு, கொடுத்தவள் என்பதால், விலையுள்ள எதையும் சொந்தமாக வைத்துக்கொண்டால் அந்த வரம் போய்விடும்.

குகையில் ஒரு வெள்ளி விளக்கு கிடைத்தது. அதை ஏற்ற சாமியாரம்மாவால்தான் முடியும், அது எரியும் இடத்தில் பேய் நெருங்காது.

"தொட்டா வரம் போச்சு" என்றான் அண்ணன்.

"சொந்தமா வெச்சுக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. தூக்கிட்டு நடந்தா என்னன்னு போடல" என்று ஆரோக்கியம் பக்கங்களைப் புரட்டினான். முடிவு தெரியாமல் ஆட்டம் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து மோட்டார் பைக்கில் வந்தார். அவர் கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்த நிஜச் சாமியார். "நீங்களும் ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவங்கதானே சித்தப்பா, அப்புறம் பைக்கு?" என்று கேட்டேன்.

"இது என்னுதா பாப்பா? சபையோடது. நாளைக்கே குடுன்னா சாவியைக் குடுத்துட்டு பஸ்ல போவேன்" என்று சிரித்தவர், "எனக்குக் காய்ச்சல்னா பாத்துக்கறதும் சபைதான்" என்றார். அந்தப் பின்பாதியை யாரும் காதில் வாங்கவில்லை.

விளக்கு எல்லாருக்கும் பொது, நான் சும்மா தூக்கி வரலாம் என்று ஆரோக்கியம் தீர்ப்புச் சொன்னான். குகை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அண்ணன் கையை நீட்டினான்.

"விளக்கைக் குடு. நான் புதையல் பக்கம் போறேன்."

"நான் இருட்டுல என்ன பண்றது?"

"கேட்டா குடுக்கணும்னு நீதானே சித்தப்பாகிட்ட கேட்டுட்டு வந்த."

கொடுத்தேன். டம்ளர் குலுங்கியது. "பேய் அடிச்சிருச்சு. நீ காலி" என்றான் ஆரோக்கியம்.

அந்த ஜூனில் பள்ளி திறந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நான் பள்ளிக்கு ஓட்டிய சைக்கிள் அண்ணனுக்குக் காலேஜ் போகத் தேவைப்பட்டது. "வீட்டு வண்டிதானே, வேணுங்கறவன் ஓட்டட்டும்" என்றார் அப்பா. நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். வார்த்தைப்பாடு கொடுக்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பிறகு என் வளையலும் அண்ணனுக்குப் போனது, அப்பா இறந்ததும் வீட்டில் என் பங்கும். "ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடு" என்றான் அண்ணன்.

சித்தப்பா படுக்கையில் விழுந்தபோது சபைக்காரர்கள்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், கடைசிவரை கூட இருந்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த விதியின் மறுபாதி.

அண்ணன் விற்ற வீடு இடிபட்டு அங்கே ஸ்கேன் சென்டர் வந்துவிட்டது. நாங்கள் வட்டமாக உட்கார்ந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். போன மாதம் முதுகுவலிக்குப் படம் எடுக்கப் போய், என்ன வருமோ என்ற கவலையோடு அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்ட பெண், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.