கணவாய் ஏறிய சின்னக் கார்

மதுரையில் ஒரு கார் உதிரிபாகக் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று பொருட்கள் இருந்தன. என் மச்சான் அவற்றை மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். கம்பத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை அவருடையது. நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். பெருநாளைக்குத் தனக்கு ஒரு சட்டை எடுக்கக்கூட அக்காவை அனுப்புகிறவர், அன்று கடைக்காரர் அலுத்துப்போகும் அளவுக்கு நின்றார். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் அக்காவின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அது முடியும்வரை எங்களுக்கும் போக வேறு இடம் இல்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. அந்த நாட்களில் எங்களுக்கு டயாலிசிஸ் என்றால் மதுரைதான். வாரத்தில் இரண்டு நாள் கம்பத்திலிருந்து கிளம்பி, தேனி, ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் ஏறி இறங்கி, உசிலம்பட்டி வழியாகப் போவோம். அன்றே திரும்புவோம். கார் மிகச் சின்னது. சமதளச் சாலையில் நன்றாகப் போகும். கணவாய் வந்தால் ஏசியை அணைத்தால்தான் ஏறும். அணைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளே வெயில் அடைந்துகொள்ளும். அக்கா ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு வைத்திருந்தார். அந்த ஏற்றத்தில் அவள் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வதை மச்சான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று போனால் வண்டிக்கு இழுவை கூடும், ஏசியை அணைக்காமலே கணவாய் ஏறும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கென்று தனியாகக் குழாயும் பில்டரும் வெளியில் கிடைக்கின்றன, வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு இல்லை. தேனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படம் படமாகப் பார்த்தார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மேசைமேல் இருந்த மூன்றில் ஒன்று தட்டையான பில்டர். வண்டியின் பழைய பில்டர் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடலாம். ஆனால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாவது, குட்டைக் குழாயின் முனையில் கூம்பு மாதிரி ஒரு பில்டர். அது இன்ஜின் பக்கத்திலேயே உட்காரும். மூன்றாவது நீளமான அலுமினியக் குழாய். பம்பருக்குப் பின்னால் கீழே இறங்கி, சாலையை ஒட்டி ஓடும் வெளிக்காற்றை இழுக்கும்.

தேனியில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தார். "மாட்டியே ஆகணும்னா குட்டையா ஒண்ணு போடுங்க பாய். நீளக் குழாயி வேணாம். ரோட்டுல தண்ணி நின்னா காத்துக்குப் பதிலா தண்ணிய உறிஞ்சிரும். இன்ஜின் போயிரும்."

"குட்டைக் குழாயி இன்ஜின் சூட்டத்தான இழுக்கும்? சூட்ட இழுத்து என்ன செய்ய?" என்று மச்சான் அப்போது அவரிடம் கேட்டார். "நம்ம பக்கம் வருசத்துல எத்தன நாளு மழ பெய்யுது?"

மதுரைக் கடையில் நீளக் குழாயையே வாங்கினார். மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏறிய அக்கா அதைப் பார்த்தாள். "இதுதானா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாட்டிய பிறகு வண்டியின் சத்தம் கொஞ்சம் மாறியது. மிதித்தால் ஒரு உறுமல் கேட்டது. கணவாயில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறினோம். இழுவை உண்மையிலேயே கூடியதா, மச்சான் கியரைக் குறைத்து மிதித்து ஏற்றினாரா, எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. உச்சியில் பின்னால் திரும்பி, "எப்புடி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்றாள் அக்கா. அவர் முகம் அப்படி விரிந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் திரும்பி வரும்போது சின்னமனூருக்கு முன்னால் வாய்க்கால் உடைந்து, சாலையின் பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். பஸ்கள் போயின. எங்களுடையதைப் போன்ற ஒரு சின்னக் கார்கூட மெல்ல ஊர்ந்து அக்கரை ஏறிவிட்டது. மச்சான் இறங்கிப் போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றார். குனிந்து பம்பருக்கு அடியில் பார்த்தார். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார். நனைந்தபடி திரும்பி வந்து கண்ணாடிப் பக்கம் நின்று, "இத இறக்க முடியாது. தண்ணியக் குடிச்சிரும்" என்றார். மெக்கானிக் சொன்னதை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்த நாளில் அக்காவால் உட்கார்ந்திருப்பதே கஷ்டம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேனியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய, கம்பத்துக்கு அடுத்த கூடலூர் ஜீப் ஒன்றை மச்சான் கை காட்டி நிறுத்தினார். டிரைவர் அக்காவைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. "ஆத்தாவ முன்னால ஏத்துங்க" என்றார். மச்சான் அக்காவைத் தாங்கி ஏற்றினார். அவள் அவர் சட்டைக் கையை விடவில்லை.

"நீங்களும் வாங்க."

"வண்டிய இங்கன விட்டுட்டு எப்புடி வர? தம்பி இருக்கான்ல. போ."

ஜீப் தண்ணீரில் இறங்கியது. கதவில்லாத பக்கம் நான் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். தார்ப்பாய் படபடத்தது. சாரல் உள்ளே அடித்தது. உத்தமபாளையம் வருவதற்குள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். காரில் போன எந்தப் பயணத்திலும் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்து மறுநாள் காலையில்தான் மச்சான் வந்துசேர்ந்தார். கண் சிவந்திருந்தது. வாசலிலேயே, "ராத்திரி எப்புடி இருந்த? ஜீப்புல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்றார்.

"நல்லாத் தூங்கிட்டேன். காத்து வந்துச்சு" என்றாள் அக்கா.

பிறகு அவளே, "ஏங்க, ஏசி வேணும்னு நான் எப்பக் கேட்டேன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஏசி போட்டாலும் தாகமாத்தான் இருக்கு. உள்ள அடைச்சுப்போயி மருந்து வாட வேற. நீங்க இம்புட்டு அலையிறீகளேன்னு பேசாம இருந்தேன்."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "டாக்டர் பாக்குறத டாக்டர் பாக்குறாக. மெசின் செய்யிறத மெசின் செய்யிது. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

அக்கா எழுந்து போய் அவருக்குத் தேநீர் போட்டாள். அவளால் அன்றைக்குச் சரியாக நிற்கவும் முடியவில்லை. நான் போடுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அந்த வாரமே நீளக் குழாய் கழன்று, பழைய பில்டர் பெட்டி மறுபடி வண்டிக்குள் ஏறியது. அதற்கப்புறம் போய் வந்த நாட்களில் கண்ணாடிகளை இறக்கிவிட்டே போனோம். கணவாயில் மச்சான் மெதுவாக ஏற்றினார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தாலும் ஒதுங்கி வழிவிட்டார். சிலநாள் அக்கா தூங்குவாள். பலநாள் தூங்க மாட்டாள். அடுத்த கோடைக்குள் அவள் போய்விட்டாள்.

இப்போது தேனியிலேயே டயாலிசிஸ் செய்கிறார்கள். தெரிந்தவர்கள் யாரையாவது பார்க்க நானும் அங்கே போகிறேன். வெளியே வேப்பமரத்தடியில் கார்கள் நிற்கும். உள்ளே மனைவியையோ தாயையோ படுக்க வைத்துவிட்டு வந்த ஆண்கள் அங்கே காத்திருப்பார்கள். போன முறை அவர்களில் ஒருவர் பானெட்டைத் திறந்துவைத்து, உள்ளே கையை விட்டு ஏதோ ஒரு ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ரிப்பேர் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று நானும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.