முருகன் படத்துக்குப் பின்னால்

போர்வெல் போடும் ரிக் வண்டியின் கேபினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முருகன் படத்துக்குப் பின்னால் ஏதோ என் விரலில் தட்டுப்பட்டது. டிரில்லர் அண்ணனின் மாத்திரை அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

நானும் அண்ணனும் ஒரே வண்டியில் வெகுகாலம் போர்வெல் போட்டவர்கள். அவர் பீடி தொட்டதில்லை. அவருக்கு நுரையீரலில் புற்றுநோய், மூளைக்கும் பரவிவிட்டது என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, இந்த வகைக் கட்டிக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது, அது மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும், தினமும் ஒன்று போடவேண்டும், தானாக நிறுத்தவே கூடாது என்றார். ஊசி வழியாக மருந்து ஏற்றவில்லை, முடி கொட்டவில்லை. அதுவே எங்களுக்குச் சந்தேகமாயிற்று. அவ்வளவு பெரிய நோய்க்கு இவ்வளவு சிறிய மாத்திரையா? கைவிட்ட கேஸ் என்று சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறார்களோ?

ஆனால் தலைவலி போயிற்று. வலது கையின் நடுக்கம் நின்றது. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது மூளையில் இருந்த கட்டிகள் சுருங்கியிருந்தன. அண்ணன் வண்டிக்குத் திரும்பி வந்தார். அதன் பிறகுதான் அந்த அட்டை எனக்குக் கிடைத்தது.

அன்று மோகனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் போட்ட குழியில் தண்ணீர் பீறிட்டது. அண்ணன் வழக்கம்போல் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். காற்று தள்ளி மேலே வரும் தண்ணீரை நாங்கள் நம்புவதில்லை. நிறுத்தியபின் குழிக்குள் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் ஊற்று என்று சொல்வோம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தவரிடம் அட்டையைக் காட்டினேன்.

“ஏனுங்கண்ணா, இத முழுங்கறதில்லீங்களா?”

“நிறுத்திப் பாக்கறேன் சாமி. மாத்திர இல்லாமயும் ஒடம்பு நின்னா, கொணமானது நெசம். இல்லீன்னா அந்தம்மா காத்தடிச்சுத்தான் காட்டுது. ஊட்ல சொல்லிப்போடாத.”

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. ஆனாலும் சாயங்காலமே அண்ணிக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். அண்ணி நேராக வண்டிக்கே வந்துவிட்டார்.

“உங்க மண்டைக்குள்ள இருக்கறது மூளைங்களா, போர்க்குழிங்களா?”

அண்ணன் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. அவர் கையிலிருந்த டீ டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது.

மாத்திரை நோயை அடக்கி வைத்திருந்ததே தவிர, வேரோடு எடுத்துவிடவில்லை என்றார் டாக்டரம்மா. மாத்திரையை மறுபடி தொடங்கியதும் கையில் பலம் பாதி திரும்பியது. கொஞ்ச காலம் அப்படியே ஓட்டினார். பிறகு நோய் அந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. வேறு மருந்து மாற்றியும் பலனில்லை.

அண்ணனை அடக்கம் செய்தபின் ஆஸ்பத்திரிக்குப் போய், நடுவில் நிறுத்தியதுதான் காரணமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, எப்படியும் ஒருநாள் மருந்துக்கு மசியாமல் போயிருக்கும் என்றார் அந்த அம்மா. எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா, தெரியவில்லை.

இப்போதும் படத்தைத் துடைக்கும்போது, அதன் பின்னால் விரலை விட்டு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.