அத்திவாரம் இல்லாத வீடு

காலையில் வேலைக்குப் போனதும் நான் செய்யும் முதல் காரியம், ஒரு வீட்டின் மேல் மழை பெய்யச் செய்வது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீடு மேசைமேல் இருக்கிறது, ஒரு தலையணை அளவு. பூவாளியை நிரப்பி நான் மெல்லச் சரிப்பேன். என் முதலாளி, கட்டடக்கலைஞர் சிஞ்ஞோரா கார்லா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, கூரையிலிருந்து தண்ணீர் எங்கே வழிகிறது, சுவரில் தெறிக்கிறதா என்று பார்ப்பார். வெளியே ஆடி மாத வெயிலில் பொலிதேயாமா அரங்குப் பக்கத்துத் தெருக்கள் வெளுத்துக் கிடக்கும். வாரத்தில் பாதி நாள் குழாயில் தண்ணீர் வராத இத்தாலிய ஊர் இது. ஒரேத்தோப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் குளிக்கிற தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்துப் பார்த்துப் பார்த்து வார்க்கிறோம். இந்தப் பொம்மை வீடோ தினமும் முழுகுகிறது. எனக்கு அதன்மேல் பொறாமை வந்தது முதலில் அந்தத் தண்ணீரால்தான்.

மலேசியாவில் ஒரு தீவில் உல்லாச விடுதி கட்டுகிறார்கள். கடற்கரையோடு வரிசையாகச் சின்ன வீடுகள், எல்லாம் பழைய மலாய்க் கிராமத்து வீட்டின் சாயலில். தூண்களின் மேல் நிற்கும் மரவீடு. நிலத்துக்கும் தரைப்பலகைக்கும் நடுவே ஆள் குனிந்து நடக்கலாம். காற்று அந்த வழியாகப் புகுந்து பலகை இடுக்குகளால் மேலே வரும். யன்னல்கள் தரையிலிருந்தே தொடங்கும், பாயில் இருப்பவர் முகத்திலும் காற்றுப் படவேண்டும் என்பதற்காக. கூரை செங்குத்தாக எழும்பும், அதன் விளிம்பு அகலமாகத் தாழ்ந்து வந்து சுவருக்குக் குடை பிடிக்கும். இத்தனை வழியால் காற்றை வா வா என்று அழைத்துவிட்டு, காசு போடுகிறவர்கள் கேட்டபடி ஒவ்வொரு வீட்டுக்கும் குளிரூட்டியும் வைக்கிறார்கள். அதற்காக யன்னலெல்லாம் கண்ணாடி போட்டு மூடவேண்டியிருக்கிறது. சிஞ்ஞோரா பெருமூச்சு விட்டபடி வரைவார். நான் அதை அட்டையிலும் மெல்லிய மரத்திலும் வெட்டி ஒட்டுவேன். இப்படிச் செய்யும் மாதிரி வீட்டுக்கு இங்கே பிளாஸ்திகோ என்று பெயர்.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. சிஞ்ஞோராவின் தாயாரைப் பல வருடம் பார்த்துக்கொண்டேன். கிழவி மத்தியானத்தில் நித்திரை கொள்ளும்போது, பொழுது போகாமல் மருந்துப் பெட்டி அட்டைகளை வெட்டிக் கோயில் தேர் ஒன்று செய்து வைத்திருந்தேன். கிழவி போய்ச் சேர்ந்த பிறகு சிஞ்ஞோரா அந்தத் தேரையும் என்னையும் சேர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார். விடுதிக்காரர் யாராவது வந்தால் என்னைக் காட்டி, எங்கள் ரகாட்சா மலேசே, மலேசியப் பெண்பிள்ளை, என்பார். நாற்பத்தெட்டு வயதில் பெண்பிள்ளை ஆனதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மலேசியாவைத்தான் திருத்தப் பார்த்தேன். “நோ சிஞ்ஞோரா, ஸ்ரீலங்கா,” என்றேன். “தெரியும், ஆனால் வீடுகள் இதே மாதிரித்தானே?” என்றார். “இல்லை, எங்கள் வீடு கீழே இருந்தது,” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். தூண் இல்லாமல் நிலத்தோடு இருந்த வீடு என்று சொல்ல நினைத்தது அது. அவர் என் தோளைத் தடவி, நிலவறையில் வாழ்வது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றார். அன்று முழுவதும் என்னிடம் மிகவும் இரக்கமாக நடந்துகொண்டார்.

எங்கள் வீடு முள்ளியவளையில் இருந்தது. அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டிய கல்வீடு. அத்திவாரம் வெட்டும்போது, ஆள் இறங்கினால் இடுப்பளவு மறையவேண்டும் என்று மேசனோடு சண்டை பிடித்தவர் அவர். வீடு அசையக்கூடாது என்பார். அசையவில்லைத்தான். யுத்தம் முடிந்து எங்களை முகாமிலிருந்து விட்டபின் போய்ப் பார்த்தோம். ஓடு இல்லை, கூரைத் தீராந்தி இல்லை, கதவும் யன்னலும் நிலையோடு இல்லை. விழுந்த சுவர்க் கற்களைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அத்திவாரமும் அதன்மேல் சீமெந்து நிலமும் மட்டும் கிடந்தன. அறைகளின் கோடுகள் அப்படியே தெரிந்தன.

மலாய் வீட்டுக்கு அத்திவாரமே கிடையாது. ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் தூணை நிறுத்திவிடுவார்களாம். ஆணியும் இல்லை. மரத்துக்குள் மரத்தைச் செருகி ஆப்பு அடிப்பதுதான். இடம் மாறவேண்டும் என்றால் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். ஊர் கூடினால் கழற்றாமலே தூக்கலாம். சிஞ்ஞோரா ஒரு பழைய படம் காட்டினார். ஊர் ஆண்கள் ஒரு முழு வீட்டைத் தோளில் சுமந்துகொண்டு வயலுக்குள்ளால் போகிறார்கள், போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் இடம்பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு போனது ஒரு தறப்பாளும் இரண்டு பானையும். அவர்களுக்கு வீடு மிஞ்சுகிறது, நிலத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்களுக்கு வீட்டைத் தவிர மற்றது மிஞ்சியது.

இந்த வருடம் அந்த மிச்சத்துக்கும் ஒரு கேள்வி வந்தது. ஒரேத்தோவில் நாங்கள் இருக்கும் வீட்டைச் சொந்தக்காரி விற்கப்போகிறாள். நல்ல மனுசி. முதன்முதல் எங்களைப் பார்க்க வந்தபோது கதவில் நின்று “பெர்மெஸ்ஸோ?” என்றாள். இங்கே ஒரு வீட்டுக்குள் நுழைய உத்தரவு கேட்கிற மரியாதை அது. எங்களுக்குத் தெரிந்த பெர்மெஸ்ஸோ வதிவிட அனுமதி அட்டை ஒன்றுதான். இவர், என் கணவர், அலுமாரியைக் கிளறி இரண்டு பேருடைய அட்டையையும் எடுத்து வந்து நீட்டினார். அவள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பாள். அந்தப் பழக்கத்தால்தான் வேறு யாருக்கும் சொல்லுமுன் எங்களிடம் கேட்டாள். கோடை முடிவதற்குள் வாங்குவதா இல்லையா என்று சொல்லவேண்டும், இல்லையென்றால் வெளியே போகவேண்டும். மகள் ஆரணி பிறந்து வளர்ந்த வீடு. முள்ளியவளைக் காணியை விற்றால் வாங்கலாம். விற்காவிட்டால் வாங்க வழியே இல்லை.

இவர் கபோச் சந்தையில் மீன்கடை ஒன்றில் பெட்டி தூக்கி இடுப்பு விட்டுப்போனவர். சத்தம் போடத் தெரியாது. “உம்மடை சீதனம், நீர்தான் சொல்லவேணும். ஆனா அதிலை இப்ப ஆடுதான் படுக்குது. நாங்கள் படுக்கிறது இஞ்சை,” என்றார். நியாயம்தான். நியாயமாகக் கதைக்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும். நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் நூருல் வந்து சேர்ந்தாள். மலேசியாவில் இந்த விடுதி வேலையைப் பார்க்கும் கட்டடக்கலைஞர், முப்பது வயது இருக்கும். அவள் வந்ததும் சிஞ்ஞோராவுக்கு என்னை மலேசியப் பெண்பிள்ளை என்று சொல்ல முடியாமல் போயிற்று. கேலிக்கூத்தான பட்டம்தான், ஆனாலும் அது பறிபோனதில் எனக்கு மனம் பொருமியது. வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் சாமானுக்கும் அவள் தன் மொழியில் பெயர் எழுதியிருந்தாள். படுக்கையறையில் எழுதியிருந்ததை ‘காத்தில்’ என்று வாசித்து, கன்னத்தில் கையை வைத்துப் படுப்பதுபோல் காட்டினாள். கட்டில். எங்கள் கட்டிலேதான். “பெத்தி,” என்றாள், பெட்டி. “கெடாய்,” என்றாள், கடை. உங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்து தந்த சொற்கள் என்று அவளே சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மாவின் முதிரை மரக் கட்டிலை யாரோ ஓடுகளோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்களிடம் எங்கள் கட்டில் பெயரோடு பத்திரமாகக் கிடக்கிறது.

விடுதியின் நடுவே, வருகிறவர்களை வரவேற்கும் கூடமாக, உண்மையான பழைய வீடு ஒன்றையே வாங்கி வைக்கிறார்கள். பலகைகளுக்கு இலக்கமிட்டுக் கழற்றி, லொறியிலும் பிறகு படகிலும் ஏற்றித் தீவுக்குக் கொண்டு போகிறார்கள். நான் தினமும் மழை பெய்வித்த வீடு அதுதான். அது தன் அப்பாவின் வீடு என்று நூருல் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள். இருவரும் பல்கனி நிழலில் இருந்து, கடலைமாப் பொரியல் வைத்த பாணைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“உனக்கு அதிர்ஷ்டம். உன் வீடு வாழப்போகிறது,” என்றேன். என் அரைகுறை ஆங்கிலத்தில் அது ஏச்சு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். அவள் பாணைக் கீழே வைத்தாள். அப்பா இறந்த பிறகு கூரையைப் பராமரிக்க ஆளில்லை, அதனால் கொடுத்தோம் என்றாள். வீடு நின்ற இடம் இப்போது தென்னைகளுக்கு நடுவே வெறும் மண்ணாம். தூணுக்குக் கீழே கிடந்த கற்களையும் விடுதிக்காரர் எடுத்துவிட்டார்கள். “ஒரு மழையோடு புல் மூடிவிட்டது. சமையலறை எங்கே, நான் படுத்த இடம் எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை,” என்றாள். பிறகு என் வீட்டைப் பற்றிக் கேட்டாள். அத்திவாரம் மட்டும் கிடக்கிறது, அறைகள் தெரியும், அதை விற்கச் சொல்கிறார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உடனே அடையாளம் கண்டேன். அவளுடைய வீட்டை நான் பார்த்த அதே பார்வை. “எங்கே போய் நிற்பது என்று உனக்குத் தெரியும்,” என்றாள்.

நம்மைப் பார்த்து இன்னொருவர் பொறாமைப்பட்டால் நம்முடைய பொறாமை தணியவேண்டும். எனக்குத் தணியவில்லை. விடுதிக்குப் போய் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தாவது இவள் தன் அப்பாவின் கூரைக்குக் கீழே இருக்கலாமே என்று நினைத்தேன். ஆனாலும் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பஸ்ஸில் என்னோடு ஒரேத்தோ வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து இவரோடு பேசினேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் அண்ணாவைக் கூப்பிடுவோம், காணியை ஒருக்காப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணா வீடியோவில் வந்தார். இங்கே காலை, அங்கே உச்சி வெயில். காணியை வாங்க வந்தவர் பக்கத்தில் நின்றார், வவுனியாவில் கடை வைத்திருக்கும் வயதானவர், சாரமும் குடையுமாக. நல்ல மனிதராகத் தெரிந்தார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இவர் குசினித் தொட்டியடியில் கோப்பை கழுவுகிற மாதிரி நின்றார். அன்று தண்ணீர் வருகிற நாளே இல்லை. ஆரணி என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் அந்த வீட்டைக் கண்டதில்லை.

அண்ணா சீமெந்து நிலத்தில் ஏறி நடந்தார். “இது ஹோல். இஞ்சாலை குசினி,” என்று குறுக்கே போனார்.

“அண்ணா, சுவருக்குள்ளாலை போறியள்,” என்றேன்.

அவர் நின்றார்.

“அம்மா, சுவர் தொவே?” என்றாள் ஆரணி. எங்கே என்று கேட்கிறாள். “ஒண்டும் தெரியேல்லை.”

“அதிலை சுவர் இருக்கு. சுத்தி வாசலாலை போங்கோ அண்ணா.”

“என்ன பிள்ளை, விசர்க்கதை கதைக்கிறாய்,” என்றவர், காலடியில் இருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிச் சுற்றி வந்தார். குசினி வாசலுக்கு அப்பா நிலையைத் தாழ்வாக வைத்துவிட்டார், உயரமான அண்ணா எப்போதும் தலையை இடித்துக்கொள்ளுவார். இப்போதும் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போனார்.

“ஐயா வெளியிலை நிக்கிறார். என்ன சொல்லுறாய்?” என்று அங்கிருந்து கேட்டார். எங்கள் குசினியில் கோப்பைச் சத்தம் நின்றது. இவருடைய முதுகு எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து நிற்க முடியாமல் ஒரு கையைத் தொட்டியில் ஊன்றியிருந்தார்.

“ஓம் அண்ணா, குடுப்பம்,” என்றேன். “அவரை உள்ளுக்கை வரச்சொல்லுங்கோ. முன்வாசலாலை வரச்சொல்லுங்கோ.”

அந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. குடையை மடக்கினார். முன்வாசல் இருந்த இடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினார். ஏறியவர் துள்ளினார். “சுடுது தங்கச்சி,” என்று காலை மாற்றி மாற்றி வைத்துச் சிரித்தார். நான் ஒரேத்தோ வீட்டின் மாபிள் நிலத்தில் நின்றேன். இனி அது எங்களுடைய நிலம், காலுக்கு நல்ல குளிர்ச்சி. அவருடைய பாதங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.