தேனில் அரைத்த குளிசை

சண்டை முடிந்து சனங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். வாவிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கவுண்டரில் எனக்கு முதல் வேலை. பனிச்சங்கேணியிலிருந்து கிளினிக்குக்கு வந்த தம்பிமுத்து ஐயா, டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை என்னிடம் நீட்டியபடியே வாங்குப் பலகையில் சரிந்தார். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தியதும் தெளிந்தார்.

அவருக்குக் காலையில் தலைசுற்றும். பின்னேரம் நெஞ்சு நோகும். டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "மருந்தைக் கூட்டினா விழுவார், குறைச்சா நோகும். குளிசையை என்ன செய்யிறாரெண்டு ஒருக்கா விசாரியுங்க மிஸ்."

நான் வழக்கமாகக் கேட்பவை மூன்று: எந்தக் குளிசை, எத்தனை, எந்த நேரம். மூன்றுக்கும் அவர் மனைவி பூமணியக்கா சரியாகவே பதில் சொன்னார். பிறகு தானாகவே, "விடிய வெறுவயித்தில, தேனில நல்லா அரைச்சுத்தான் குடுக்கிறன் பிள்ள" என்றார்.

"ஏன் அரைக்கிறீங்க? ஐயாவுக்கு முழுங்க ஏலாதா?"

"இவருக்கா? மீனை முள்ளோட முழுங்கிற மனிசன்!"

ஐயா படுத்தபடியே முறைத்தார். "நாட்டு மருந்தெல்லாம் தேனிலதானே குழைக்கிற. இது என்ன அதைவிடப் பெரிய மருந்தோ?"

அது ஸ்லோ ரிலீஸ் குளிசை. முழுதாக விழுங்கினால் மெல்லக் கரைந்து, இரத்தத்தில் மருந்தின் அளவை நாள் முழுவதும் சீராக வைத்திருக்கும். அரைத்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். பிரஷர் விழும், பின்னேரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. தனியே தோணியில் போய் வலை வீசுகிறவர் அவர்.

"ஐயா, குளத்துத் தண்ணியை வாய்க்காலால விட்டா வயல்வட்டை முழுக்கப் பாயும். குளக்கட்டை உடைச்சா?"

"பயிரும் போகும், குளமும் வத்தும்" என்றார். "அப்ப தேன்?"

பூமணியக்காதான் சொன்னார். சுனாமியில் வீடு போய் முகாமில் இருந்தபோது மகன் காட்டில் எடுத்துவந்த தேன். பிறகு சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது மகன் காணாமல் போனான். போத்தல் மட்டும் அவர்களோடு ஊர் ஊராக வந்தது.

"அவன் வரக்குள்ள இந்தாள் உசிரோட இருக்கோணும். அதுக்குத்தான் அவன்ட தேனில குடுக்கிறன்."

"குளிசையைத் தண்ணியோட முழுசா முழுங்குங்க. மறுகா ஒரு சொட்டுத் தேன் நக்குங்க" என்றேன்.

அடுத்தடுத்த கிளினிக்குகளில் தலைசுற்றலும் இல்லை, பின்னேர நோவும் இல்லை. ஐயா முன்புபோல வாவிக்குப் போனார்.

கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான்கு கேள்விகள் சொல்லிக்கொடுக்கிறேன். நான்காவது: "எப்படிக் குடிக்கிறீங்க?" ஓம், இல்லை என்று சொல்லித் தப்ப முடியாத கேள்வி. கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் ஐயாவிடம், தேன் முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல மகள். குளிசைக்குத்தான் தேவையில்லையே, இப்ப தொடுறதில்ல. அரைப் போத்தல் கிடக்கு" என்றார். "இனி அவன் வந்து மூடியைத் திறக்கட்டும்."