தாளாளர் போட்ட சதுரம்

ஒக்கலிபுரத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்குத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எட்டாம் வகுப்புக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையும் என்னிடம் வந்தது. பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். திரையில் சின்ன முக்கோணம் ஒன்று இருக்கும். ஆமை என்று பெயர். 'முன்னே எட்டு, வலது' என்று தட்டினால் கோடு போட்டுக்கொண்டே நகரும்.

நான்கு மாதம் கழித்துத் தாளாளருக்குச் சந்தேகம் வந்தது. "ஆமை ஓட்டுறதுக்கா வாங்கினோம்? ஆபீஸ்ல வெச்சா நாலு லெட்டராவது அடிக்கலாம்." ஆயுதபூஜைக்கு வரும்போது நேரில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார்.

அன்றைய நிகழ்ச்சி அட்டவணையை நான்தான் எழுதினேன். 10.00 பூஜை. 10.30 பொரி, கடலை. 10.45 ஆமை. கடைசி வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

சரியாக 10.45க்குக் கம்ப்யூட்டர் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன். திரைக்கு மேல் சந்தனமும் குங்குமமும், சுற்றிலும் சாமந்தி மாலை. அட்டெண்டர் குறுக்கே வந்து நின்றார்.

"பூஜை ஆயிடுச்சு மேடம். விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது."

"கரெக்ட்டு. எங்க வீட்ல கத்திரிக்கோல்கூட தொடமாட்டோம்" என்றார் தாளாளர்.

வரிசை மாறினால் விடை மாறும் என்று நான்கு மாதமாகக் கரும்பலகையில் எழுதியவள் நான்; அட்டவணையில் ஆமைக்கு முன்னால் பூஜையைப் போட்டதும் நானேதான். பிள்ளைகளின் நோட்டுகளும் பூஜையில்தான் இருந்தன.

"அப்போ அது ஆபீஸுக்கே போகட்டும்" என்று தாளாளர் எழுந்தார்.

பிள்ளைகளின் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், நீங்க ஆமையா இருங்க. நாங்க சொல்றோம்."

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஆமையா?"

"அஞ்சு நிமிஷம்தான் சார்."

தாளாளர் அவளைப் பார்த்தார்; பிறகு வாசலில் மிச்சமிருந்த கோலப்பொடிக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினார். அவள் சதுரம் போடும் வரிகளை நினைவிலிருந்து சொன்னாள். முன்னே எட்டு அடி. வலது. முன்னே எட்டு. வலது. முன்னே எட்டு. முன்னே எட்டு.

அவர் பொடியைத் தூவிக்கொண்டே நேராகப் போய்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "ரெண்டடி பாக்கி இருக்கு. செவுத்துக்குள்ள போகவா?"

"வேணாம் சார், தப்பு எங்களுது."

"வலது விட்டுட்ட டீ" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"மூணாவது எட்டுக்கு அப்புறம் சொல்லணும்" என்றான் இன்னொருவன். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள்.

"மொதல்லேர்ந்து வரேன்" என்றார் தாளாளர். இந்த முறை சதுரம் மூடியது. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

அவர் கையைத் தட்டிப் பொடியை உதறினார். "லெட்டரெல்லாம் டைப்ரைட்டர்லயே அடிச்சுக்கலாம். இது இங்கயே இருக்கட்டும்." பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்தார். "விஜயதசமி முடிஞ்சு வர்றேன்மா. அன்னிக்கு நான் சொல்வேன், அந்த ஆமை நடக்கணும்."