ஜெனீவாவைச் சுற்றி மருதமுனைக்கே வந்த கேள்வி

1986இல் நான் கொழும்புக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை ஜெமீலாவின் கணவர் நெசவு நூல் எடுக்க லொறியில் போனவர். அம்பாறைப் பக்கம் சீருடைக்காரர்கள் லொறியை மறித்து அவரை இறக்கிக்கொண்டு போனதாகச் சாரதி சொன்னார். ஏழு மாதமாகியும் பொலிஸில் ஒரே பதில்: "அப்படி ஆள் இல்ல." காணாமற்போனவர்களைப் பற்றி ஜெனீவாவில் ஐ.நா.வின் ஓர் அலுவலகம் கேள்வி கேட்கிறதாம், கொழும்பில் ஒரு சட்டத்தரணி மனு எழுதித் தருவாராம் என்றார்கள். இன்றும் மனுவோடு புறப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மருதமுனைக்குப் பக்கத்துக் கல்முனையில் காலை ஐந்தரைக்கு பஸ். மகியங்கனை, கண்டி வழியாகக் கொழும்பு சேர மாலை ஐந்தாகிவிட்டது. ஆறு இடங்களில் சோதனைக்கு இறங்கி ஏறினோம். இடுப்பு விட்டுப்போனது.

"கடிதம் குடுக்கவா இவ்வளவு தூரம்? தபால்ல போட ஏலாதா?" என்றார் கண்டக்டர்.

"போட்டா ஊரத் தாண்டாது தம்பி" என்றேன்.

மறுநாள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியைப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆசை காட்டவில்லை.

"ஜெனீவாவில இருந்து ஆள் வந்து தேடமாட்டாங்க. நம்மட அரசாங்கத்துக்கிட்டத்தான் கேப்பாங்க."

"அரசாங்கம் ஆருக்கிட்டக் கேக்கும்?"

"உங்கட ஊர்ப் பொலிஸ்கிட்ட."

அட அல்லாஹ்வே! அவர்களைத் தாண்டிப் போகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! ஆனாலும் கையொப்பம் வைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஊர்ப் பொலிஸ் சார்ஜன்ட் வீட்டுக்கு வந்தார். சேதி கொண்டுவந்திருக்கிறார் என்று ஜெமீலா வாசலுக்கு ஓடினாள். அவரோ, "உங்கட மாப்பிள்ள வந்திட்டாரா?" என்று அவள் கணவரைப் பற்றி அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டு போனார். பிறகு ஜெனீவாக் கடிதம் வந்தது. அப்படி ஒருவரைக் கைது செய்யவில்லை என்று அரசாங்கம் அறிவித்துள்ளதாம்.

போகிறவர்கள் மனுவுக்கு மூன்று பிரதி எடுத்து வையுங்கள். லொறிச் சாரதியின் வாக்குமூலத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள்; எங்கள் சாரதி பிறகு பயந்துவிட்டார். பொலிஸார் வீட்டுக்கு வருவார்கள் என்று பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை, அந்தக் குற்றவுணர்வு இன்னும் போகவில்லை.

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். இருந்தால், அவர் மௌத்து என்று ஜெமீலாவே ஒப்புக்கொண்டதாகிவிடும். இருக்காவிட்டாலோ ஊரில் ஆளுக்கொரு கதை. கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவள் தன் அண்ணனான என்னிடம் சொன்னாள்:

"காக்கா, இன்னொரு காயிதம் எழுதுங்க. நான் இத்தா இரிக்கிறதா, வேணாமா? அத மட்டும் கேளுங்க."

எழுதினேன். அரசாங்கத்திடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது.