மோகனத்தில் விழுந்த நிஷாதம்

வயலினில் எனக்குக் கை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டார்கள். அக்கா பாடுவாள், நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். கோப்பாய்ப் பக்கத்துக் கோயில்களில் திருவிழா வந்தால் எங்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். ராகத்தை அவள் விரித்துப் பாடி முடித்ததும் வயலினுக்கு இடம் விடுவாள். அவள் பாடியதிலேயே இரண்டு பிடிகளைத் திருப்பி வாசித்துவிட்டு நான் வில்லை இறக்கிவிடுவேன். பாடம் பண்ணிய கீர்த்தனை என்றால் பயமில்லை. நானாக ஏதாவது வாசிக்கவேண்டிய இடத்தில் விரல்கள் விறைத்துவிடும்.

"பிழைச்சாப் பிழைக்கட்டுமேடி. ஆர் உன்னை அடிக்கப்போகினம்?" என்பாள் அக்கா.

ஆஸ்பத்திரி வேலையிலும் நான் அப்படித்தான். குழந்தைகள் வார்ட்டில் தாதியாக இருந்தேன். டொக்டர் சொன்னதை ஓர் இம்மி பிசகாமல் செய்வேன். சொல்லாததைச் செய்யமாட்டேன்.

சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமற்போன காலம் அது. அக்காவின் கணவர் ஓர் அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்டார். தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் கடலேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும். அவர் ஏறிய வள்ளம் அக்கரை சேரவில்லை. கூடப் போன சிலருடைய உடல்கள் கரையொதுங்கின. அத்தானுடையது வரவில்லை. செத்தவீட்டை நடத்துவதா, காத்திருப்பதா என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. பாட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்த மாரியில் ஒருநாள் காலை குருநகரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கு இரத்தம் போய் மயக்கம் தெளியவில்லை. குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் சூட்டுப் பெட்டியை இயக்க ஜெனறேற்றருக்கு எண்ணெய் இல்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் டொக்டர் வந்துசேரவில்லை. வார்ட்டில் நானும் ஒரு வேலைக்காரம்மாவும்தான்.

"மிஸி, பிள்ளையின்ரை கால் நீலமாகுது" என்றார் அந்த அம்மா.

யாரையாவது கேட்கலாம் என்று வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. சேலைன் வந்த மட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் துடைத்து உள்ளே பஞ்சு பரப்பினேன். வெறும் சேலைன் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் துவாயால் சுற்றிப் பெட்டியின் ஓரங்களில் அடுக்கினேன். என் கன்னத்தை உள்ளே வைத்துச் சூடு பார்த்தபிறகுதான் பிள்ளையைக் கிடத்தினேன். சுட்டுவிடுமோ, மூச்சு முட்டிவிடுமோ என்று அடிக்கடி குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஆற ஆற இருவரும் மாற்றிக்கொண்டே இருந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு கால் மெல்லச் சிவந்தது. பின்னேரம் வந்த டொக்டர் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"உப்பிடியே மாத்திக்கொண்டிருங்கோ" என்றார்.

தாய் தேறியதும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். பிறகு அவர்களைப் பற்றி நான் எதுவும் அறியவில்லை. வீட்டில் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"ஆரும் சொல்லித் தந்தவையோ?"

"இல்லை அக்கா. எனக்குப் பட்டதைச் செய்தன்."



அடுத்த திருவிழாவுக்குக் கோயில்காரர் மிகவும் கெஞ்சிக் கேட்டதில் அக்கா சம்மதித்தாள். "அழுகை இல்லாத ராகமாப் பாடுவம்" என்று மோகனத்தை எடுத்தாள். பின்னேர வெயில் மண்டபத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. குரல் பழையபடி ஏறியது. மேல் சட்ஜத்தைத் தொட்ட இடத்தில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. சனங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

அவள் விட்ட சட்ஜத்தில் நான் வில்லை வைத்தேன். அங்கிருந்து எங்கே போவதென்று தெரியாமலே போனேன். ஓரிடத்தில் விரல் வழுக்கி, மோகனத்தில் இல்லாத ஸ்வரமான நிஷாதத்தில் விழுந்தது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் நிறுத்தவில்லை. அழகாக வாசித்தேன் என்று சொல்லமுடியாது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு மடியில் தாளம் போட்டாள். கடைசிவரை அவள் பாடவில்லை.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

"நிஷாதம் தொட்டனி."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சும் நிப்பாட்டேல்லை."

"நிப்பாட்டியிருந்தா எல்லாரும் உன்னைத்தான் பாத்திருப்பினம், அக்கா."

வீட்டு வாசல் படலையடியில் நின்றாள். "இனி நான் பாடமாட்டன். நீ தனிய வாசி" என்றாள்.

சொன்னபடியே பாடவில்லை. எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். அதன் பிறகு கோயில்களில் நான் தனியாக வாசித்தேன். ராகங்களை நீட்டி, நினைத்த பக்கமெல்லாம் போய்வரப் பழகினேன். கை சுத்தம் என்றவர்கள் இப்போது தைரியம் என்றார்கள். அக்கா சனங்களுக்குப் பின்னால் தூணோடு இருந்து கேட்பாள். கச்சேரி முடியுமுன்னரே எழுந்து போய்விடுவாள், அத்தான் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்று.